ஐஸ் போதைப்பொருளும் அயலவர் தொண்டும்

போதைவஸ்து என்ற சொல்லைக் கேட்டதும் கொழும்புவாழ் தமிழ்ப் பெற்றோர் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது ஓர் ஒழுங்கையும் அதன் மூலையில் தலை கவிழ்ந்து சுருண்டு கிடக்கும் ஒருவருமே. 1980களில் இந்நகரில் பரவிய ஹெரோயின், அதாவது பேச்சு வழக்கில் ‘குடு’, விட்டுச் சென்ற படம் அது. ஐஸ் எனப்படும் போதைப்பொருள் அந்தப் படத்துக்குள் அடங்காது. இதனைப் பாவிப்பவர் ஆரம்பத்தில் சுருண்டு கிடப்பதில்லை. மிகுந்த சுறுசுறுப்புடன் காணப்படுவார், விடாமல் பேசுவார், இரவு முழுவதும் விழித்திருப்பார். மகன் பரீட்சைக்கு இராப்பகலாய்ப் படிக்கின்றான் என்றெண்ணித் தாய் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அதே அறைக்குள்ளேயே அது இருக்கலாம்.

வெள்ளவத்தை, தெஹிவளை, களுபோவில, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் இளைஞரைக் காக்கத் தொண்டு செய்ய முன்வருவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே. பழைய படத்தை வைத்துக்கொண்டு தேடினால் உரிய காலத்தில் எதுவும் கண்ணில் படாது. கண்ணில் படும்போது ஓராண்டு கடந்திருக்கும்; வீட்டில் நகை குறைந்திருக்கும்.

ஐஸ் என்பது யாது?

மெதம்பெட்டமின் என்னும் இரசாயனப் பொருளின் பளிங்கு வடிவமே ஐஸ். உடைத்த பனிக்கட்டிச் சில்லுப் போலவோ இடித்த கற்கண்டு போலவோ தோன்றுவதால் இப்பெயர் வழங்குகின்றது. எபெட்ரின் என்னும் மூலிகைச் சத்திலிருந்து மெதம்பெட்டமினை முதன்முதலில் ஆக்கியவர் யப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோஷி, ஆண்டு 1893. அதனைப் பளிங்காக்கும் வழியை 1919 இல் அகிரா ஒகாட்டா என்பவர் கண்டார். இருவரும் மருந்து தேடியவர்களே அன்றி நஞ்சு தேடியவர்கள் அல்லர். 1938 இல் ஜேர்மனியில் இது ‘பேர்விட்டின்’ என்ற பெயரில் குளிசையாகக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்த போரில் படைவீரர்களுக்கு வழங்கப்பட்டது. யப்பானில் இதன் பெயர் ‘பிலோபொன்’. விமானிகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தோருக்கும் அது கொடுக்கப்பட்டது. 1945 இல் போர் முடிந்ததும் மிஞ்சிய இருப்பு சந்தைக்கு வந்தது. நாடு முழுவதும் அடிமைகள் பெருகவே 1951 இல் அந்நாட்டு அரசு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

தாய்லாந்தில் தூர இடங்களுக்கு ஓடும் லொறிச் சாரதிகள் இதனைக் குளிசையாக உட்கொண்டனர். குதிரைப் பலம் தருவது என்ற கருத்தில் ‘யா மா’, அதாவது குதிரை மருந்து என்றே அது அழைக்கப்பட்டது. 1996 இல் அந்நாட்டு அரசு அப்பெயரை ‘யா பா’, அதாவது பைத்திய மருந்து என மாற்றியது. பெயரை மாற்றியதால் பாவனை குறைந்துவிடவில்லை என்பது வேறு விடயம்.

விமானி, தொழிலாளி, லொறிச் சாரதி ஆகிய எல்லோருக்கும் விற்கப்பட்ட வாக்குறுதி ஒன்றே: உறங்காமல் வேலை செய்யலாம். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவனுக்கும், இரவில் வாடகைக்கு ஓடும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் இன்று சொல்லப்படும் ஆசை வார்த்தையும் அதுவேயாகும். ஆகவே ‘கெட்ட சகவாசம்’ என்ற ஒரே விளக்கத்துடன் நின்றுவிடலாகாது. பிள்ளையிடம் அளவுக்கு மிஞ்சிய விழிப்பையும் உழைப்பையும் எதிர்பார்க்கும் வீடுகளிலும் இந்த வியாபாரிக்கு வாடிக்கையாளர் கிடைப்பர்.

உடலில் இது செய்யும் வேலையைச் சுருக்கமாகக் கூறலாம். மூளையில் டோபமின் என்றொரு பொருள் சுரக்கின்றது. பசித்தவர் உண்ணும்போதும், நல்ல பெறுபேறு வந்த செய்தியைக் கேட்கும்போதும் அது சிறிதளவு வெளிப்பட்டு மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் தரும். ஐஸ், அணை உடைத்தாற்போல டோபமினை ஒரேயடியாக வெளியே தள்ளுகின்றது. வெளிவந்தது மீள உட்செல்லவும் விடுவதில்லை. உட்சென்ற ஐஸில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 10 முதல் 12 மணித்தியாலங்கள் செல்லும். அதுவரை உறக்கமில்லை, பசியில்லை. அதன் பின்னர் களஞ்சியம் காலி. சாப்பாடு, விளையாட்டு, நண்பர், தாயின் முகம் எதுவுமே மகிழ்ச்சி தராத ஒரு வெறுமை வருகின்றது. அந்த வெறுமையைத் தாங்க முடியாமலே மீண்டும் தேடுகின்றனர்.

இதிலிருந்து அடையாளங்களை ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து விழித்திருந்து, பின்னர் ஒரு பகலும் இரவும் எழுப்ப முடியாத உறக்கம். சில மாதங்களில் உடல் மெலிதல். பற்கள் சிதைதல். தோலின் கீழ் பூச்சி ஊர்வதாகக் கூறிச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளல். அறையில் காரணமின்றிக் காணப்படும் கண்ணாடிக் குழாய், கறுத்த மின்குமிழ்த் துண்டு. தனித்தனியே எடுத்தால் இவற்றுள் பல வேறு காரணங்களாலும் நிகழக்கூடியவை. உறக்கமும் உணவும் இவ்வாறு மாறிமாறிக் குலைவதே முதலில் கவனிக்கத்தக்கது. நாட்பட்டால் சந்தேகம் முற்றும். யன்னலுக்கு வெளியே பொலிஸார் நிற்பதாகவும், சாப்பாட்டில் எதையோ கலந்திருப்பதாகவும் சொல்வர். அந்நிலையில் தாக்கவும் கூடும். இது மனநோயின் இயல்புடையது. பேயோ செய்வினையோ அன்று.

இலங்கைக்கு இது பெருமளவில் வந்து சேர்ந்த கதை கடலோடு தொடர்புடையது. ஆப்கானிஸ்தானின் மலைகளில் தானாக வளரும் எபெட்ரா என்ற செடியிலிருந்து மலிவாக ஐஸ் ஆக்கும் முறை கடந்த தசாப்தத்தின் பிற்பகுதியில் அங்கு பரவியது. முன்னர் ஹெரோயின் ஏற்றி வந்த அதே படகுகளில் ஐஸும் ஏற்றப்பட்டது. 2020 இல் தெய்வேந்திர முனைக்கு அப்பால் ஆழ்கடலில் கடற்படையினர் கைப்பற்றிய கொடியில்லாத கப்பல் ஒன்றில் 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஐஸ் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸை வைத்திருத்தலும் கடத்தலும் மரண தண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றங்களாகும். ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை ஏறத்தாழ 4 கிராம். அதைவிடச் சற்றே கூடிய ஒரு பொதியை “அந்த அண்ணாவிடம் கொடுத்துவிட்டு வா” என்று ஒரு பையனின் கையில் கொடுப்பவர் என்ன செய்கின்றார் என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துதல் வேண்டும். பாவிக்காத பிள்ளைக்கும் இதில் ஆபத்து உண்டு.

பயமுறுத்தினால் போதுமா?

போதை ஒழிப்பு என்றதும் பதாகை, ஊர்வலம், மண்டை ஓட்டுப் படம், திருந்தியவர் ஒருவரின் உருக்கமான பேச்சு ஆகியவையே எல்லோர்க்கும் நினைவுக்கு வரும். இவற்றைச் செய்பவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. பலனைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் 2005 இல் தோமஸ் சீபெல் என்ற செல்வந்தர் பெரும் பொருட்செலவில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். தொலைக்காட்சியிலும் வீதியோரப் பலகைகளிலும் அழுகிய பற்களும் புண்பட்ட முகங்களுமாக மெதம்பெட்டமின் அடிமைகளின் படங்கள் நாளாந்தம் காட்டப்பட்டன. பாவனை குறைந்துவிட்டது என்று முதலில் பெருமையாகப் பேசப்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த இயக்கம் தொடங்குமுன்பே பாவனை குறைந்துகொண்டு வந்ததையும், படங்களால் குறிப்பிடத்தக்க மாற்றம் விளையவில்லை என்பதையும் கண்டனர். இதில் பெரிய ஆபத்தில்லை என்று கூறிய பதின்ம வயதினரின் விகிதம் கூடியிருந்ததையும் 2008 இல் வெளியான மீளாய்வு எடுத்துக்காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பள்ளிப் பையன் படத்தில் காண்பது அழுகிய முகம். தெருவில் காண்பதோ புது மோட்டார் சைக்கிளில் வந்து சிரிக்கும் நண்பன். படம் பொய் சொல்கிறது என்றே அவன் முடிவு செய்வான்.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டுள்ள தடுப்பு நியமங்களும் இதனையே கூறுகின்றன. பயமூட்டல், ஒருநாள் விரிவுரை, முன்னாள் பாவனையாளரின் சாட்சியம் ஆகியவற்றால் நற்பலன் கண்டதற்குச் சான்றில்லை.

இவ்விடயத்தில் இலங்கையிலேயே நல்லதொரு மரபு உண்டு. 1912 இல் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து ஊருக்கு ஊர் எழுந்த மதுவிலக்குச் சங்கங்களில்தான் சேனாநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வில் கால் வைத்தனர். அண்மைக் காலத்தில் 1987 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் அம்மரபை வேறு வகையில் தொடர்கின்றது. கொழும்பு மருத்துவ பீடத்தில் உளமருத்துவம் கற்பித்த தியானாத் சமரசிங்க போன்றோரின் சிந்தனை அதன் அணுகுமுறைக்கு வலுவூட்டியது. போதைப்பொருள் தருவதாகச் சொல்லப்படும் இன்பத்தில் பெரும்பகுதி சூழலில் உள்ளோர் ஊட்டிய கற்பனை என்பதே அவ்வணுகுமுறையின் சாரம். ஆகவே உடல்நலக் கேட்டைப் பட்டியலிடுவதைக் காட்டிலும், போதைக்குப் பூசப்பட்டுள்ள கவர்ச்சியைச் சுரண்டிக் காட்டுவதே பயன் தரும் என்பர். பாவிப்பவனுக்கு வீரன் என்ற பெயரும் வெறியில் பேசியதற்கு மன்னிப்பும் கொடுப்பது யார்? சூழவுள்ளவர்களே. வெறியில் செய்தது என்று பிழைகளை மன்னிக்கும் கல்யாண வீட்டுப் பழக்கம் கொழும்புத் தமிழரிடமும் இல்லாமல் இல்லை. இத்தகைய கேள்விகளைப் பிள்ளைகளையே கேட்க வைத்துச் சிரிக்க வைக்கும் ஒரு தொண்டர், பத்து மண்டை ஓட்டுப் படங்களுக்குச் சமம்.

மாலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை

ஐஸுக்கு மருந்து ஐஸ்லாந்தில் உண்டு என்றால் வேடிக்கையாக இருக்கும். ஆயினும் தொண்டர்களுக்கு அந்நாட்டின் அனுபவம் மிகவும் பயனுடையது. அங்கே 1998 இல் 15, 16 வயதினரில் 42 சதவீதமானோர் அதற்கு முந்திய மாதத்தில் மதுவெறியில் இருந்ததாகக் கூறினர். 2016 இல் அது 5 சதவீதமாயிற்று. கஞ்சாவை ஒருமுறையேனும் பாவித்தோர் 17 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மாலை நேரத்தைக் கவனித்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றில் சேரக் குடும்பங்களுக்கு நகரசபை பணம் உதவியது. இரவில் இத்தனை மணிக்குப் பின் சிறுவர் வெளியில் நிற்றலாகாது என்ற சட்டம் வந்தது. பெற்றோர் சங்கத்தினர் வார இறுதி இரவுகளில் சிறு குழுக்களாகத் தத்தம் தெருக்களில் உலாவினர். யாரையும் பிடிப்பதற்காக அன்று. பெரியவர்கள் தெருவில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும் என்பதற்காக.

ஐஸ்லாந்து செல்வ நாடு, சனத்தொகை மிகக் குறைவு என்பது உண்மையே. அங்கு எதிர்க்கப்பட்டது பெரும்பாலும் மதுவும் புகையிலையும் கஞ்சாவுமே என்பதும் உண்மை. ஆனால் முதற்போதையைப் பிந்தச் செய்வதே எல்லாப் போதைக்கும் பொதுவான தடுப்பு. மாலை நேரம் என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவானது.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளையின் மாலை நேரம் எவ்வாறு கழிகின்றது? பாடசாலை முடிந்து ரியூசன். ரியூசன் முடிந்து இன்னொரு ரியூசன். இரண்டுக்கும் இடையில் கணக்கில் வராத ஒரு மணித்தியாலம். பாடம் நடைபெறாத நாளிலும் ‘ரியூசன்’ என்று சொல்லி வெளியே செல்லலாம், கேட்பார் இல்லை. வீடு தொடர்மாடியில் நான்காம் மாடி. கீழே வாகனத் தரிப்பிடம்; பந்து அடித்தால் காவலாளி ஏசுவார். வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகலாம் என்றால் புகையிரதப் பாதையைக் கடக்க வேண்டும். தந்தை வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் தாய் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கின்றார். கையில் தொலைபேசி உண்டு. ஐஸ் விற்பவர் தெருமுனையில் நிற்க வேண்டிய காலம் போய்விட்டது. தகவலும் பணமும் தொலைபேசியிலேயே செல்கின்றன.

இந்நிலையில் ஆலய மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் செய்யக்கூடியது பெரிது. ஞாயிறு தோறும் அறநெறிப் பாடசாலைகளில் சம்பளம் இல்லாமல் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஏற்கனவே இருக்கின்றனர். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் முதலில் அறிபவர்கள் இவர்களே. ஆனால் அறநெறி வகுப்புக்குச் சிறுவர்கள் வருமளவுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதைக் கடந்தவர்கள் வருவதில்லை. ஆபத்து தொடங்கும் வயதும் அதுவே. அவர்களைச் சொற்பொழிவுக்கு அழைத்தால் வரமாட்டார்கள். மிருதங்கம், கரம், சதுரங்கம், மேசைப்பந்து, பரீட்சை வினாத்தாள் செய்ய ஓர் அமைதியான மேசை, திருவிழாவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு என்றால் சிலரேனும் வருவர். பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தவறு விட்டதும் பலர் முன்னிலையில் பறிப்பதையும் பெரியவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ரியூசன் நிலையம் நடத்துவோரிடமும் ஓர் உதவி கேட்கலாம். வகுப்பு நடைபெறாத நாளில் பெற்றோருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். செலவு அற்பம், பயன் பெரிது.

பட்டியல் தயாரித்தல் ஆகாது

தொண்டர் குழு ஒன்று கூடியவுடன் எழும் முதல் யோசனை, ‘யார் யார் பாவிக்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுப்போம்’ என்பதாகும். அலுவலகப் பழக்கம் உள்ளவர்கள் எதற்கும் ஒரு கோவை திறக்கவே விரும்புவர். இந்த ஒரு விடயத்தில் கோவை வேண்டாம்.

தாய்லாந்தில் 2003 இல் அரசு போதைக்கு எதிரான போரை அறிவித்தது. உள்ளூர் அதிகாரிகளும் கிராமத் தலைவர்களும் பெயர்ப் பட்டியல்கள் கொடுத்தனர். காணித் தகராறும் பழைய பகையும் அப்பட்டியல்களில் புகுந்துகொண்டன. முதல் மூன்று மாதங்களில் 2,000 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2007 இல் அந்நாட்டிலேயே நியமிக்கப்பட்ட விசாரணைக் குழு, கொல்லப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் போதைப்பொருளுடன் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை எனக் கண்டது. இலங்கையில் 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிச் சில வாரங்களிலேயே பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். 2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்ட ‘முழு நாடுமே ஒன்றாக’ தேசிய வேலைத்திட்டம் சமூகத்தவரின் ஒத்துழைப்பையும் நாடுகின்றது. ஒத்துழைப்பது நன்று, எவ்வாறு என்பதில்தான் நிதானம் தேவை. பெயர்ப் பட்டியல் என்ற சொல்லின் கனம் வெள்ளவத்தைத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

விற்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. பாடசாலை வாசலில் விற்பனை நடப்பதைக் கண்ணால் கண்டவர் பொலிஸாருக்கு அறிவிப்பது கடமை. ஆனால் அது கண்டவரின் தனிக் கடமையாக இருத்தல் வேண்டும். தகவல் கொடுக்கும் குழுவும், துயரத்தில் உள்ள குடும்பங்கள் வந்து பேசும் குழுவும் ஒன்றாக இருக்க முடியாது. ‘இவர்களிடம் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடும்’ என்ற ஒரேயொரு பேச்சுப் பரவினால், அதன் பிறகு ஒரு தாயும் படியேற மாட்டார். எந்தக் குழுவும் தொடக்கத்திலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பொலிஸ் நிலையங்கள் ஏற்கனவே பல உள்ளன. நம்பிப் பேசக்கூடிய இடங்களே குறைவு.

சொல்வதற்கு ஒரு வாசல்

பிள்ளை பாவிக்கிறான் என்று அறிந்த நாளுக்கும், வைத்தியரிடம் அழைத்துச் சென்ற நாளுக்கும் இடையில் பல குடும்பங்களில் மாதங்கள் கழிகின்றன. இடைப்பட்ட காலத்தில் நடப்பவை ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. முதலில் அடி. பிறகு அழுகை. பிறகு ஊரில் உள்ள மாமா வீட்டுக்கு அனுப்புதல். கலியாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று ஒருவர் ஆலோசனை கூறுவார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் அதில் சேரும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்குவோரும் உண்டு. நேர்த்திக்கடன் வைப்பதில் தவறில்லை, அதற்காக வைத்தியசாலைக்குச் செல்வதைப் பின்போடாத வரை. இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒன்றே. அயலுக்குத் தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது என்ற பயம். ஐஸுக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை.

இங்கேதான் அயலவரின் தொண்டு தொடங்குகின்றது. களுபோவிலையில் வசிப்போருக்குக் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை நடை தூரம். அங்கே உளமருத்துவப் பிரிவு இயங்குகின்றது. ஐஸ் பாவனையால் வந்த சந்தேக நோய்க்கு அங்கே சிகிச்சை உண்டு. கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் தொண்டர்களைக் கொண்டே இயங்குகின்றது. போதைக்கு ஆளானவருடனும் அவர் குடும்பத்தாருடனும் கட்டணமின்றி, இரகசியம் காத்துப் பேசுவதே அவர்களது பணி. சுமித்ரயோ 1974 இல் ஜோன் டி மெல் அம்மையாரால் ஆரம்பிக்கப்பட்டது. 1984 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. அதன் தொலைபேசி இலக்கம் 1927. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

இவ்விலக்கங்களைச் சுவரில் ஒட்டுவது எளிது. அழைக்க வைப்பதே கடினம். மொழி ஒரு தடை. சிங்களம் பேசத் தெரியாத தாய், சிகிச்சை நிலையத்து வாசலில் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது ஒரு காட்சி. சிங்களத்தில் எழுதப் பேச வல்ல ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் இப்பகுதிகளில் பலர் இருக்கின்றனர். அவர்களுள் நால்வர், வாரத்தில் ஒரு நாள் காலையை ஒதுக்கி, கேட்பவருடன் கூடச் சென்று, பத்திரம் நிரப்பி, வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொன்னால் அதுவே பெருந்தொண்டு. பெண்களிடம் பேசப் பெண் தொண்டர் அவசியம். கேட்டதை வீட்டில் மனைவியிடமும் சொல்லாத ஆண் தொண்டர் அதைவிட அவசியம்.

தனியார் புனர்வாழ்வு இல்லங்களை நாடுவோர், 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற நிலையமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். சங்கிலியும் பிரம்பும் சிகிச்சை ஆகா.

மீள்வதற்கு எவ்வளவு காலம்?

ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. ஐஸுக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. நித்திரைக்கும் மனக்குழப்பத்துக்கும் மருந்து கொடுப்பர். எஞ்சியது உளவளத்துணையும் பழக்கமாற்றமுமே. இவற்றுள் அதிக பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது கேட்பதற்கு வியப்பானது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஐஸ் இல்லையென்று தெரியும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெகுமதி கொடுக்கும் முறை அது. களவெடுத்த பிள்ளைக்குப் பரிசா என்று தந்தையர் கோபிப்பர். மகிழ்ச்சியை உணரும் வலுவை இழந்த மூளைக்கு, நல்லது செய்தால் நல்லது கிடைக்கும் என்பதை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கின்றது என்பதே விளக்கம்.

அரிச்சுவடி முடியக் காலம் செல்லும். நோரா வொல்கோ என்ற அமெரிக்க மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐஸை முற்றாக விட்டவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தனர். டோபமினைக் கையாளும் உறுப்புகள் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பெருமளவு மீண்டிருந்தன. ஞாபகம், உடலசைவு முதலியன அதே அளவுக்கு மீளவில்லை. இது ஒரே சமயத்தில் ஆறுதலும் எச்சரிக்கையுமாகும். சிகிச்சை நிலையத்தில் இருக்கும் காலம் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள். மீதி மாதங்களைக் கழிக்க அந்த இளைஞர் திரும்பி வருவது அதே தொடர்மாடிக்கும் அதே ஒழுங்கைக்குமே. பழைய நண்பர்களின் அழைப்பு வரும். கொடுக்க வேண்டிய கடன் இருக்கும். முதல் வாரங்களில் நாள் முழுதும் உறங்குவார், நிறையச் சாப்பிடுவார், எதிலும் விருப்பமில்லாமல் இருப்பார். சோம்பேறி என்று ஏசுவதற்குப் பதிலாக, உயிரை மாய்க்கும் எண்ணம் வருகின்றதா என்று மெல்லக் கேட்க வேண்டிய காலம் இது. ஒருமுறை சறுக்கினால் எல்லாம் வீண் என்று வீட்டார் கைவிடுவர். சறுக்கல் இந்நோயில் வழமையானது. மீண்டும் அடுத்த கிளினிக் திகதிக்கு அழைத்துச் செல்ல வேண்டியதுதான்.

இந்த ஓராண்டில் தொண்டரால் ஆகக்கூடியவை சிறிய வேலைகளே. புதிய தொலைபேசி இலக்கம் ஒன்று எடுக்க உதவுதல். கிளினிக் நாளில் வாசலில் வந்து நிற்றல். மாலையில் மரைன் டிரைவ் பக்கம் கூட நடத்தல். தெரிந்த கடைக்காரரிடம் அரைநாள் வேலை கேட்டுப் பார்த்தல். இரவு வேலையும் உறக்கம் கெடும் வேலையும் மாத்திரம் வேண்டாம். திருவிழாக் காலத்தில் மடைப்பள்ளியில் காய்கறி நறுக்கவும், தண்ணீர்ப் பந்தலுக்குச் சர்பத் கரைக்கவும், பாத்திரம் கழுவவும் எப்போதும் ஆட்கள் போதாது. அப்படி ஓர் இளைஞர் வந்து நின்றால், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்காமல் கத்தியையும் பூசணிக்காயையும் கையில் கொடுக்கலாம்.